முடியாது என்று சொல்லத் தெரிந்த கொப்பி

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் காலை பத்து மணிக்கு ஒரு கடைக்குள் நின்று பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். வெளியே லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருக்கும், சுமை தூக்கும் நாட்டாமைமார் சீனி மூட்டையோடு வழி கேட்டு வருவார்கள், உள்ளே இரண்டு போன் ஒரே நேரத்தில் அடிக்கும். அப்படியொரு மொத்தக் கடையில் பில் அடிக்கும் பிரிண்டரைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹட்டனில் இருந்து ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்துத் தன் நிலுவை எவ்வளவு என்று கேட்டார். கணக்குப்பிள்ளை ஐயா தன் சீஆர் கொப்பியைப் புரட்டி 412,000 ரூபாய் என்றார். முதலாளியின் மகன் மடிக்கணினியில் எக்செல்லைத் திறந்து 287,000 என்றார். மலைநாட்டுப் பக்கம் ஓடர் எடுக்கப் போகும் ரெப்பின் வாட்ஸ்அப்பில் 337,000 என்று கிடந்தது. முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இதில எது சரி?"

பிரிண்டர் திருத்த வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது! ஆனால் டேட்டாபேஸ் என்ற துறை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பாடப்புத்தகத்தில் அதன் பெயர் தரவுத்தளம். தெருவில் எல்லோரும் டேட்டாபேஸ் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அது என்ன என்று கேட்டால் பெரும்பாலானோர், நிறையத் தகவலைச் சேர்த்து வைக்கிற இடம் என்பார்கள். சேர்த்து வைக்க ஓர் அலுமாரி போதுமே. கடைகளுக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்த இத்தனை வருடத்தில் நான் கண்டது, டேட்டாபேஸின் முதல் வேலை மறுப்பது. பதிவில் இல்லாத ஆளின் பெயரில் பில் போடப் போனால் முடியாது என்னும். ஒரே பில் நம்பரை இரண்டாம் தரம் போட்டால் முடியாது என்னும். எட்டு மூட்டை மிச்சம் இருக்கும்போது பத்தை விற்கப் போனால், முறையாகச் சொல்லி வைத்திருந்தால், அதற்கும் முடியாது என்னும். கொப்பி இப்படி எதையும் மறுக்காது. எந்தப் பக்கத்திலும் எதையும் எழுதலாம், வெட்டலாம், மனம் வந்தால் பக்கத்தையே கிழிக்கலாம்.

அப்படியானால் இத்தனை காலமும் கொப்பியை வைத்துக்கொண்டு இந்தத் தெருக்கள் எப்படி வியாபாரம் செய்தன? மறுப்பதற்கு ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். செட்டியார் தெருவில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்திலேயே இங்கே கணக்கு எழுதுவது ஒரு தனி வித்தை. அன்றாடம் நடப்பது முதலில் குறிப்பேட்டில், பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில், கடைசியில் எல்லாம் திரண்டு ஐந்தொகையில். இத்தாலியில் லூக்கா பாச்சோலி 1494இல் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியதை வணிகப் பாடத்தில் படித்திருப்போம். நம் கணக்குப்பிள்ளைமாருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் கண்டிப்பு ஒன்றுதான். துண்டுச் சீட்டைப் பார்க்காமல் பேரேட்டில் கை வைக்க மாட்டார்கள். "யார் பேரில எழுத? துண்டு எங்க?" என்று முதலாளியையே திருப்பிக் கேட்பார்கள். கடையின் காவல் அந்தக் கேள்விதான். அது ஒரு மனிதரின் தலைக்குள் இருந்ததால், அவர் டெங்குக் காய்ச்சலில் படுத்தால் கணக்கும் கூடவே படுத்துவிடும்.

அதற்குப் பிறகு எக்செல் வந்தது. எக்செல்லை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்க்க அதைவிடக் கையடக்கமான சாமான் கிடையாது. ஆனால் அதைப் பேரேடாக வைத்துக்கொண்டால் சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவிடும். 077 என்று தொடங்கும் போன் நம்பரை அடித்தால் முன்னால் இருக்கும் பூச்சியத்தைத் தின்றுவிடும். மூன்று நான்கு என்பதற்கு நடுவில் சின்னக் கோடு போட்டால் திகதியாக்கிவிடும். இதைவிட மோசம் பிரதிகள். 'நிலுவை புதியது', 'நிலுவை புதியது 2', 'நிலுவை கடைசி இதுதான்' என்று மூன்று கோப்பு ஒரே மேசையில் கிடப்பதை எத்தனை கடையில் பார்த்திருக்கிறேன். இது சின்னக் கடைகளின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிச்சம் வெளியே நின்றது. 15,841 தொற்றாளர்களின் பெயர் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. தனக்குள் இடமில்லை என்று அந்தக் கோப்பு ஒரு சத்தம் போட்டிருந்தால் யாராவது அன்றைக்கே கவனித்திருப்பார்கள்.

கம்பியூட்டரில் தகவலை ஒழுங்காக வைக்கும் முயற்சி எக்செல்லுக்கு வெகு முந்தியது. 1960களில் ஐபிஎம் நிறுவனம், அப்பல்லோ விண்கலத்தின் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக ஐஎம்எஸ் என்ற ஒன்றைச் செய்தது. மரம் மாதிரியான அமைப்பு: கலம், அதற்குக் கீழே பகுதி, அதற்குக் கீழே பாகம். மேலிருந்து கீழே கேட்டால் உடனே பதில் வரும். இந்த ஆணி எந்தெந்தப் பகுதிகளில் இருக்கிறது என்று தலைகீழாகக் கேட்டால் கஷ்டம். 1970இல் அதே ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், மரத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெறும் அட்டவணைகளாக வைப்போம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அட்டவணைகளுக்கு நடுவே கயிறு கட்ட வேண்டாம், இரண்டிலும் ஒரே எண் இருந்தால் அதுவே தொடர்பு. கேட்பவருக்கு உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. எஸ்கியூஎல் என்ற கேள்வி மொழி 1974இல் அவருடைய சக ஊழியர்கள் சேம்பர்லின், பொய்ஸ் என்ற இருவர் கையில் பிறந்தது. இன்றைக்கும் உலகத்து வியாபாரத்தில் பெரும் பங்கு அந்த அட்டவணைகளில்தான் ஓடுகிறது.

சரி, நம் கடைக்கு வருவோம். பில் நம்பர் 10457 என்று வையுங்கள். ஹட்டன் வாடிக்கையாளருக்கு மைசூர்ப் பருப்பு பத்து மூட்டை, சீனி இருபது, செத்தல் மிளகாய் ஐந்து. மகனுடைய எக்செல்லில் இது மூன்று வரிசை, மூன்றிலும் ஆளின் பெயர், ஊர், போன் நம்பர். ஒரு வருடத்தில் அந்த ஆளின் போன் நம்பர் சில நூறு இடத்தில் இருக்கும். அவர் நம்பரை மாற்றினால் எத்தனையைத் திருத்துவது? பாதியைத் திருத்திவிட்டு மகன் சாப்பிடப் போயிருப்பார்.

டேட்டாபேஸில் இதைப் பிரித்து வைப்போம். வாடிக்கையாளர் அட்டவணையில் அந்த ஆள் ஒரே ஒரு தரம், 218ஆம் நம்பராக. பொருள் அட்டவணையில் பருப்பு ஒரு தரம். பில் அட்டவணையில் 10457, திகதி, ஆள் 218, வேறொன்றும் இல்லை. நான்காவது அட்டவணையில் பில்லின் உருப்படிகள்: 10457, எந்தப் பொருள், எத்தனை மூட்டை, என்ன விலை. இந்தப் பிரிப்பு வேலைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். கடைக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு விசயத்தை ஒரே இடத்தில் எழுதுங்கள், மற்ற இடத்தில் எல்லாம் அதன் நம்பரைப் போடுங்கள்.

இப்படிப் பிரித்தவுடனே மறுப்பும் சேர்ந்து வந்துவிடும். பில்லில் 218 என்று எழுதினால், 218 என்று ஓர் ஆள் இருக்கிறாரா என்று டேட்டாபேஸ் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏற்கும். இதற்கு அந்நியச் சாவி என்று பெயர். கொஞ்சம் பயங்கரமான பெயர்தான், ஆனால் கணக்குப்பிள்ளை கேட்ட "யார் பேரில எழுத?" என்பதே இது. எதிர்த் திசையிலும் வேலை செய்யும். ஒருநாள் இன்னொரு முதலாளி, காசு தராமல் இழுத்தடித்த ஒருவர் மீது ஆத்திரப்பட்டு, "அவன்ட பேரையே அழிச்சு விடு தம்பி" என்றார். அழிக்கப் போனேன். அந்த ஆளின் பேரில் பில்கள் நிற்கின்றன, முடியாது என்றது மெசின். கடன்காரனை அழித்தால் கடனும் அழிந்துவிடும் என்று விளக்கிய பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

இப்போது அந்த மூன்று தொகைக்கு வரலாம். அன்று பின்னேரம் மூவரையும் உட்கார வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தபோது தெரிந்தது இது. ஹட்டன்காரர் இரண்டு செக் கொடுத்திருந்தார், ஒன்று 75,000, மற்றது 50,000. இரண்டும் பின்திகதி செக், அதாவது இனி வரப்போகும் ஒரு திகதி போட்டவை. புறக்கோட்டை மொத்த வியாபாரம் பெருமளவு இந்தப் பின்திகதி செக்குகளில்தான் ஓடுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கணக்குப்பிள்ளை பழைய ஆள், வங்கியில் காசு விழும்வரை செக்கைக் கடதாசியாகத்தான் பார்ப்பார், அதனால் எதையும் கழிக்கவில்லை. மகன் செக் கைக்கு வந்த அன்றே இரண்டையும் கழித்துவிட்டார். ரெப்புக்கு மட்டும் 50,000 செக் திரும்பிவிட்டது தெரியும். வாடிக்கையாளரே அவரிடம் சொல்லியிருந்தார். வங்கித் துண்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஆக, ரெப் 75,000த்தை மட்டும் கழித்திருந்தார்.

மூன்று பேரும் கூட்டல் கழித்தலில் பிழை விடவில்லை. நிலுவை என்ற ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம் வைத்திருந்தார்கள். இதை எந்த மென்பொருளும் தானாகத் தீர்க்காது. புதுச் சிஸ்டம் வாங்குகிற பல கடைகள் இந்த இடத்தில்தான் சறுக்கும், மெசின் வந்தால் குழப்பம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு குழப்பத்தை அப்படியே மெசினில் ஏற்றுவார்கள். முதலில் கடைக்காரர் உட்கார்ந்து, எங்கள் கடையில் நிலுவை என்றால் இது என்று முடிவெடுக்க வேண்டும். அன்று அப்பாவும் மகனும் அதைப் பேசி முடிக்க இரண்டு மணித்தியாலம் போயிற்று. நிரலை எழுத அதைவிடக் குறைந்த நேரமே எடுத்தது.

அவர்கள் எடுத்த முடிவு இதுதான்: நிலுவையை இனி யாரும் எங்கேயும் எழுதக் கூடாது. பில்லை எழுதலாம், வந்த காசை எழுதலாம், செக்கை எழுதலாம், திரும்பி வந்த சரக்கை எழுதலாம். நிலுவையை ஒவ்வொரு தரமும் அவற்றில் இருந்து மெசின் கணக்குப் போட்டுச் சொல்லும். செக்குக்குத் தனி அட்டவணை, அதன் பயணத்துக்கு இன்னொன்று: கைக்கு வந்தது, வங்கியில் போட்டது, காசானது, திரும்பியது, வேறு ஒருவருக்குக் கைமாற்றியது. ஒரு செக் மூன்று கை மாறி நான்காவது இடத்தில் திரும்பினால் அதைப் பின்தொடர்ந்து பிடிக்க இந்த அட்டவணையை விட்டால் ஞாபகசக்திதான் துணை. திரையில் இப்போது ஒரு தொகைக்குப் பதிலாக இரண்டு வருகின்றன: மொத்தம் வர வேண்டியது 412,000, அதில் கையில் உள்ள செக் 75,000.

ஒரே இடத்தில் எழுது என்று சொன்னேனே, அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையின் மென்பொருளில் வற் வரி வீதத்தை ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று வற் 15இல் இருந்து 18 வீதமானது. காலையில் அந்த ஓர் எண்ணை மாற்றினார்கள். அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர் டிசம்பர் பில்லின் பிரதி கேட்டார். அச்சடித்தால் 18 வீதத்தோடு வருகிறது. போன வருடப் பில்கள் எல்லாம் ஒரே இரவில் மாறிவிட்டன! 'இன்றைய வரி வீதம்' என்பதும் 'இந்தப் பில் போட்ட அன்றைய வரி வீதம்' என்பதும் இரண்டு வேறு விசயங்கள் என்று அந்த மென்பொருளை எழுதியவருக்குத் தோன்றவில்லை. வரி வீதம், விலை இரண்டையும் எந்தத் திகதி முதல் என்பதோடு சேர்த்து வைக்க வேண்டும். இலங்கையில் இதைச் சும்மா ஒரு முன்னெச்சரிக்கை என்று சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் வற் 8 வீதம், 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, பிறகு 18. டொலர் ஏறிய 2022இல் பருப்பு விலையைக் காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றுமாகச் சொன்ன கடைகள் இந்தத் தெருவில் இருந்தன.

ஆளுக்கு ஏன் 218 என்று ஒரு சொந்த நம்பர், அடையாள அட்டை நம்பரையே வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நானும் ஒருகாலம் அப்படித்தான் வைத்தேன், பட்டுத் தெளிந்தேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் ஒருநாள் பழைய அட்டையையும் இன்னொருநாள் புதியதையும் நீட்டினால் மெசினுக்கு இரண்டு ஆள். அதோடு அந்த நம்பர் வாயை மூடிக்கொண்டு இருக்காது. முதலில் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். பில்லில் அதை அச்சடித்தால் வாங்கியவரின் வயதையும் பிறந்தநாளையும் சேர்த்து அச்சடித்த மாதிரி. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவையில்லாத தகவலை வாங்கி வைப்பது சும்மா பழக்கம் என்று தட்டிக்கழிக்கக் கூடிய காரியமும் இல்லை. அர்த்தமே இல்லாத ஒரு நம்பர்தான் ஓர் ஆளை அடையாளம் காட்டும் நல்ல சாவி.

இனி மறுப்பதிலேயே நுட்பமான மறுப்பு. இதைப் புரிய வைக்க எனக்கு எரிபொருள் கியூஆரைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் ஷெட்டுகளில் வரிசையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு மறக்காது. வாகனத்துக்கு ஒரு கியூஆர், வாரத்துக்கு ஓர் அளவு. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. போனில் இருந்த அந்தக் கட்டம் வெறும் அடையாளம். மிச்சம் எத்தனை லீட்டர் என்பது நடுவில் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. இப்போது ஒரு குறும்பை யோசியுங்கள். அண்ணன் கியூஆரைப் படம் பிடித்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒருவர் வெள்ளவத்தை ஷெட்டில், மற்றவர் கொட்டாஞ்சேனை ஷெட்டில், ஒரே வினாடியில் காட்டுகிறார்கள். இரண்டு ஷெட்டும் மிச்சம் எவ்வளவு என்று கேட்கின்றன. இரண்டுக்கும் 4 என்று பதில். இரண்டும் 4 லீட்டர் அடித்துவிட்டு மிச்சம் பூச்சியம் என்று எழுதுகின்றன. கணக்கு அழகாகப் பூச்சியத்தில் நிற்கும், போனது எட்டு லீட்டர்.

இதைத் தடுக்க, பார்ப்பதையும் கழிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே காரியமாக டேட்டாபேஸ் கட்டிவிடும். முதலில் வந்தவர் அந்த வரிசையைப் பூட்டிக்கொள்வார், மற்றவர் கண்ணிமைக்கும் நேரம் நிற்பார், பூட்டுத் திறக்கும்போது மிச்சம் பூச்சியம். முடியாது. மொத்தக் கடையிலும் இதுவே நடக்கிறது, கடைசிப் பத்து மூட்டைப் பருப்பை இரண்டு போனில் இரண்டு பையன்மார் ஒரே நேரத்தில் விற்கும்போது.

இதற்குச் சகோதரமான இன்னொன்று, பாதியில் நின்ற வேலை. பில் பதிவாகி, இருப்பில் இருந்து மூட்டை கழிய முன் கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஊர் இது, கற்பனைக் கேள்வி கிடையாது. டேட்டாபேஸ் இதற்குச் செய்யும் தந்திரம் நம் கணக்குப்பிள்ளைமாருக்குப் பழக்கமானது. அட்டவணையில் கை வைக்குமுன், செய்யப் போவதை லொக் என்ற ஒரு குறிப்புக் கோப்பின் வாலில் எழுதி வட்டில் பதித்துவிடும். கரண்ட் வந்ததும் அந்த லொக்கை வாசித்து, முடிந்த வேலைகளை அட்டவணையில் ஏற்றும், முடியாதவற்றை நடக்கவே இல்லாத மாதிரி அழிக்கும். குறிப்பேட்டில் எழுதாததைப் பேரேட்டில் எழுதாதே என்பதுதான் இது. இந்த விதிகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஜிம் கிரே என்பவர் முக்கியமானவர், 1998இல் கணினித் துறையின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து இலட்சம் வரிசையில் ஒரு போன் நம்பரைத் தேட டேட்டாபேஸ் பத்து இலட்சத்தையும் படிப்பதில்லை. இன்டெக்ஸ் என்று ஒரு கிளைவிட்ட அட்டவணை பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு படியிலும் சில நூறு கிளை என்றால் மூன்று நான்கு படியில் ஆள் அகப்படுவார். எழுதும்போது இன்டெக்ஸையும் திருத்த வேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் இன்டெக்ஸ் போட்டால் பில் போடுவது மெதுவாகும். அவ்வளவுதான் விசயம்.

தமிழில் தகவல் வைப்பவர்களுக்கு மட்டும் உள்ள சில தொல்லைகளைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இவை இருக்காது. 'கொழும்பு' என்ற சொல்லையே எடுங்கள். அதன் முதல் எழுத்தை, கம்பியூட்டர்கள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது 'க'வோடு கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு தனித்தனிக் குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மெசினுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒரு கடையில் 'கொழும்பு' என்று தேடினால் வாடிக்கையாளரில் கொஞ்சப் பேர் வரவே இல்லை. அரைநாள் தலையைப் பிய்த்த பிறகுதான், ஒரு பையனின் போன் விசைப்பலகை மற்ற விதமாக எழுதுகிறது என்று தெரிந்தது. உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீரும், அந்த ஒரு நிரல் வரியைப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

நீளமும் ஏமாற்றும். 'சிவகுமார்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடுக்கு ஒன்பது குறி. வட்டில் 27 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று யாரோ வெளிநாட்டில் முடிவு செய்த ஒரு சிஸ்டம் அதைச் 'சிவகும' என்று வெட்டி, மிச்சத்துக்கு ஒரு கேள்விக்குறியையும் வைக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்கள் இன்னொரு தலையிடி. அவற்றில் தமிழே கிடையாது. 'அம்மா' என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள், தமிழ் வேஷம் போட்டு நிற்கின்றன. எழுத்துருவை எடுத்தால் வேஷம் கலைந்துவிடும்.

அப்புறம் பெயர். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் படிவத்தில் நம் ஆட்கள் தகப்பன் பெயரை எங்கே போடுவது? ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால். ஆங்கிலத்தில் எழுதினால் எஸ்ஸுக்குப் பக்கத்தில் எச் வரும் சிவகுமார், வராத சிவகுமார் என்று ஒரே ஆள் இரண்டாவார். என் வழக்கம், முழுப் பெயருக்கு ஒரு கட்டம், கூப்பிடும் பெயருக்கு ஒரு கட்டம், புது ஆளைச் சேர்க்கும்போது அதே போன் நம்பரோ அதே ஊரில் கிட்டத்தட்ட அதே பெயரோ இருந்தால், "இவரா அவர்?" என்று திரையில் கேட்க வைப்பது. இது முழு மறுப்பும் இல்லை, ஒரு இருமல் மாதிரி.

எந்த டேட்டாபேஸ் வாங்குவது என்ற கேள்விக்கு நான் நேரம் செலவழிப்பதில்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும், பலமானவை. எஸ்கியூலைட் உங்கள் போனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு கம்பியூட்டர் உள்ள கடைக்கு அதுவே தாங்கும். அட்டவணை இல்லாத புது வகைகளும் உண்டு. அவை பெரும் கூட்டத்தைத் தாங்கும் சேவைகளுக்கு நல்லது, கடன் கணக்குக்கு அவற்றை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

டேட்டாபேஸால் மறுக்க முடியாத ஒன்று உண்டு: வட்டு பழுதாவது, அல்லது யாரோ உள்ளே வந்து பூட்டுவது. 2023இல் அரச மின்னஞ்சல் சேவையில் கப்பம் கேட்கும் தாக்குதல் ஒன்று நடந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் தொலைந்தன, ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. சின்ன இடங்களில் இதைவிட வேடிக்கையாக இருக்கும். நான் போன ஓர் அலுவலகத்தில் தினமும் பிரதி எடுத்தார்கள், ஒரு நாளும் தவறவில்லை. எல்லாம் அதே கம்பியூட்டரின் டி டிரைவில். வட்டு போனபோது மூலமும் பிரதியும் கைகோத்துக்கொண்டு போயின. பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது இணையத்தோடு தொடுக்காமல் இருக்க வேண்டும், மாதம் ஒரு தரமாவது அதை வேறு மெசினில் விரித்துப் பார்க்க வேண்டும். விரித்துப் பார்க்காத பிரதியை நான் பிரதி என்று எண்ணுவதே இல்லை. நான்காம் குறுக்குத் தெரு முதலாளி இப்போது ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போகிறார். ஒரு தரம் அது சட்டையோடு சேர்ந்து சலவைக்கும் போய் வந்தது.

கணக்குப்பிள்ளை ஐயா சீஆர் கொப்பியை விடவில்லை. யாரும் விடச் சொல்லவும் இல்லை. சனிக்கிழமை கடை பூட்டுமுன் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்து ஆள் ஆளாக ஒப்பிட்டுப் பார்ப்பார். முதல் மூன்று மாதத்தில் இரண்டு இடத்தில் வித்தியாசம் வந்தது. ஒன்றில் அவருடைய கூட்டல் பிழை. மற்றதில், திரும்பி வந்த நான்கு மூட்டை மிளகாயை மகன் இரண்டு தரம் பதிந்திருந்தார். ஒரே திகதி, ஒரே ஆள், ஒரே அளவு. தடுக்கும்படி அந்த அட்டவணைக்கு நான் சொல்லி வைக்காததால் மெசின் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஐயா கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "துண்டு கேக்கேல்லைப் போல, தம்பி" என்றார். அன்றைக்கே சரக்குத் திரும்பும் துண்டின் நம்பரைக் கட்டாயமாக்கி, ஒரே நம்பர் இரண்டு தரம் வந்தால் மறுக்கும்படி மாற்றினேன். நான் அதை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, மகனையும் சேர்த்து எல்லோருக்கும் பிளேன்டீ சொன்னார்.